பகலில் தெரிந்த திரி

குறை சொல்லாமல் சீனிவாசகத்துக்குச் சோறு இறங்காது. சோற்றைக் குறை சொன்னாலாவது அவர் சம்சாரம் பேச்சியம்மாள் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடுவாள். அவர் குறை சொல்வது சோறு இருக்கிற பாத்திரத்தை. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை எதற்கு இப்படி மடித்து வைத்திருக்கிறான், அந்த மடிப்புக்குள்ளே அழுக்குப் போய் உட்காராதா, இதைச் செய்தவன் வீட்டில் டம்ளரே கழுவுவதில்லையா என்று ஆரம்பிப்பார். வெளியூரில் லாட்ஜில் தங்கினால் முதல் வேலையாகக் குளியலறைக்குள் போய் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துப் பார்ப்பார். வாளி அடங்காது. குழாயை அவ்வளவு தாழ்வாக வைத்திருப்பான். வாளியைச் சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிறையும். கீழே இறங்கி மேனேஜரைக் கையோடு கூட்டிவந்து காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

"தெனமும் இதுல ஆளு குளிக்கான். ஒருத்தனுக்கும் தோணல பாத்தீகளா? பழகிப்போச்சு. பழகிப்போனா எந்தப் பீடையும் கண்ணுக்குத் தெரியாது" என்பார்.

"ஆமா, படைக்கிறதுக்கு முன்னால பிரம்மா ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். முதுகு சொறியத் தோதா கைய இன்னும் கொஞ்சம் நீட்டி விட்டிருப்பாரு" என்பாள் பேச்சியம்மாள்.

கேலி கிடக்கட்டும், மனுசனுக்குக் கண் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. அச்சங்குளத்துப் பக்கம் அவருக்குப் பட்டாசுத் தொழிற்சாலை. அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்பார்கள். வெடிமருந்து தடவுகிற பெண்ணுக்கும் அது ஆபீஸ்தான், முதலாளிக்கும் அது ஆபீஸ்தான். அந்த ஆபீஸில் மத்தாப்புப் பெட்டி மூடி முதற்கொண்டு அவர் கை வைத்துத் திருத்தாத சாமான் கிடையாது. அந்தக் கண்ணுக்காகவே ஊரில் நாலு பேர் அவரை மதித்தார்கள். அந்த மதிப்பில் அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

மகள் ஸ்ரீமதிக்கு விருதுநகரில் சம்பந்தம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெத்தணன் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். பக்கத்திலேயே மிளகாய்த்தூள் அரைத்துப் பாக்கெட் போடுகிற கம்பெனியும் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில், சபை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நம் ஆள் ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். பேச்சியம்மாள் அவர் முழங்கையை இடித்தாள். இடித்து என்ன செய்ய, வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"சம்மந்தி, தப்பா நெனைக்கப்படாது. இந்தப் பாக்கெட்ட நீங்க என்னைக்காச்சும் ஒங்க கையால பிரிச்சுப் பாத்திருக்கீகளா? பிரிக்கிறதுக்கு ஒரு வெட்டு இல்ல. அடுப்படியில நிக்கிறவ கத்தரிக்கோலத் தேடிட்டா இருப்பா? பல்லால கடிச்சு இழுப்பா. தூளு கண்ணுக்குள்ள போகும். ஒங்க தூளால எத்தன பொம்பளைக கண்ணக் கசக்குறாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பொண்ணு கொடுக்க வந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சு தேவையா? வேறு ஆளாக இருந்தால் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பியிருப்பான். பெத்தணன் நல்ல மனுசன். பாக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு வருசமா எனக்கு இது தோணலையே சம்மந்தி" என்று மட்டும் சொன்னார். மறுமாசம் வந்த பாக்கெட்டில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. போகிற இடமெல்லாம் "எங்க சம்மந்தி கண்ணுள்ள மனுசன்" என்று பெத்தணனே சொல்லித் திரிந்தார்.

அந்த வருசம் சீனிவாசகம் புதிதாக ஒரு பூச்சட்டி கொண்டுவந்தார். நாம் புஸ்வாணம் என்கிறோமே, அதுதான். நீலாம்பரி என்று பெயர் வைத்தார். அதிலும் அவருடைய கண் வேலை செய்திருந்தது. வழக்கமான பூச்சட்டியில் திரி உச்சியில் விரல் நீளத்துக்கு வெளியே நிற்கும். லாரியில் போகும்போது பெட்டி மூடியில் உரசி உரசித் திரி ஒடிந்துவிடும். ஒடிந்த பூச்சட்டியை வாங்கினவன் திட்டுவான். இதற்கு சீனிவாசகம் ஒரு வழி கண்டுபிடித்தார். திரியை மடித்து வாய்க்குள்ளேயே படிய வைத்து, மேலே பூச்சட்டியைச் சுற்றியிருக்கிற அதே கருநீலத் தாளை ஒட்டி, திரி நுனி மட்டும் ஓரத்தில் துளி எட்டிப் பார்க்கிறது மாதிரி செய்யச் சொன்னார். நுனிக்கும் கருநீலச் சாயம். பூச்சட்டி மொழுமொழுவென்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. திரி ஒடிகிற பேச்சுக்கே இடமில்லை.

திரி மடித்து வைக்கிற வேலை அய்யம்மாளுக்கு. நாற்பது தாண்டிய பொம்பளை, நிதானமான கை. அவள் ரூமில் வேலை பார்க்கிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்தது அவள்தான். அடுத்த ரூமிலும் அதே வேலை நடந்தது. மாதிரிக்குச் செய்ததை ஆபீஸுக்கு வெளியே பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாய்ப் பொரிந்தது. போர்மேன் முனியராஜ் கைதட்டினான். வடக்கே இருந்து ஆர்டர் வந்து குவிந்தது. முதல் லோடு ஆவணிக் கடைசியில் கிளம்ப வேண்டும். கல்யாணமும் ஆவணியில்தான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் விருதுநகரில் ஏக தடபுடல். பொண்ணு வீட்டுக்காரர் பட்டாசு முதலாளி என்றால் கேட்க வேண்டுமா? முனியராஜ் ஜீப்பில் சரக்கோடு வந்து இறங்கியிருந்தான். சரவெடியெல்லாம் வெடித்து ஓய்ந்து, நன்றாக இருட்டிய பிறகு, நடுரோட்டில் நீலாம்பரியை வரிசையாக வைத்தார்கள். முன்னால் போன ட்யூப் லைட்டுகளை அணைக்கச் சொன்னது சீனிவாசகமே. வெளிச்சத்தில் நீலம் எடுபடாது என்று அவருக்குக் கவலை.

"மொதப் பூச்சட்டிய நாந்தான் வைப்பேன். எங்க சம்மந்தி சரக்காக்கும்" என்று பெத்தணன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். கையில் ஊதுபத்தி.

குனிந்தார். திரியைத் தேடினார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பூச்சட்டி வாய்க்கு நேராகக் கொண்டுபோய், "திரி எங்கன இருக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஊதுபத்தியை வெளிச்சத்துக்காகக் கிட்டே கொண்டுபோனார். அது திரியில் பட்டுவிட்டது.

நீலமும் வெள்ளையுமாய்ப் பொரிந்தது அவர் முகத்தில்.

நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒரு புருவமும் மீசையில் பாதியும் போய்விட்டன. நெற்றியும் கன்னமும் வெந்துவிட்டன. நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். லைட்டைப் போட்டதும் அத்தனை பேர் முகமும் சீனிவாசகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர் வாய் தானாகத் திறந்தது.

"சரக்குல ஒன்னும் கொற இல்ல. திரி வைக்கிறவ, அந்த அய்யம்மா, கவனமில்லாம உள்ள தள்ளி வச்சுட்டா. வேலைக்காரி செஞ்ச வேல" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கூட்டம் மூச்சு விட்டது. அப்படிச் சொல்லுங்க, வேலைக்காரி செஞ்ச வேலைக்கு முதலாளி என்ன செய்வார் என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற முனியராஜ் அய்யம்மாளை நினைத்துப் பல்லைக் கடித்தான்.

பெத்தணன் முகத்தில் ஈரத் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "சம்மந்தி, அந்தப் பொம்பளைய ஒன்னும் சொல்லிராதீக. பாவம், புள்ளகுட்டிக்காரியா இருப்பா. தெரியாம நடந்தது."

மறுநாள் காலையில் முகமெல்லாம் மருந்தைப் பூசிக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்து மகன் கல்யாணத்தை நடத்தினார் அந்த மனுசன். போட்டோக்காரர் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். சீனிவாசகத்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம், விருந்தெல்லாம் முடிந்து பந்திப்பாய் சுருட்டுகிற நேரத்தில், மிச்சமிருந்த பெட்டியிலிருந்து ஒரு நீலாம்பரியை எடுத்துக்கொண்டு மண்டபத்து மொட்டைமாடிக்குப் போனார். அய்யம்மாள் எங்கே கோட்டை விட்டாள் என்று பார்த்துவிட்டால் தன் மனசு சமாதானமாகும் என்று நினைத்தார். கைப்பிடிச் சுவரோரம் தரையில் வைத்தார். பொழுது மசங்குகிற மங்கல் வெளிச்சம். திரியைத் தேடினார். தெரியவில்லை. குனிந்தார். தெரியவில்லை. கருநீலத்துக்குள் கருநீலம். இன்னும் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கு பூச்சட்டியைத் தொடப் போகும்போதுதான் தான் எப்படி நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சம்பந்தி நின்ற அதே நிலை. அதே குனிவு.

கீழே போய் வேறொரு பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து வைத்தார். அதிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் திரி அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரி, பிசகாமல் இருந்தது.

விசயம் இவ்வளவுதான். பட்டாசு ஆபீஸில் விளக்குப் போட முடியாது. பொழுது சாயும் முன்னே அத்தனை பேரையும் வெளியேற்றிக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். மாதிரியைக் கொளுத்திப் பார்ப்பதெல்லாம் சுள்ளென்ற வெயிலில். சரி, தீபாவளி அன்றைக்காவது பார்க்கலாமே என்றால், சீசன் முழுக்க ஓடின அலுப்பில் அன்றைக்குத்தான் முதலாளிமார் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். சீனிவாசகம் பொறந்த நாளிலிருந்து பட்டாசோடு கிடக்கிறவர். இருட்டில் கொளுத்துவதற்கென்றே செய்கிற சாமானை இருட்டில் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஊரான் வீட்டு வாளியை எல்லாம் குழாய்க்கடியில் வைத்துப் பார்த்த மகராசன்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தப்பாகச் செய்துவிட்டதுகூடப் பெரிதில்லை; யாருக்கும் கை தவறும். கூட்டம் பார்த்ததும் ஒரு நொடிகூட யோசிக்காமல், அங்கே இல்லாத ஒரு பொம்பளை பெயரை எடுத்து முன்னால் வைத்தாரே, அதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முனியராஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "மொதலாளி, நீங்க சொல்லவே வேண்டாம். அந்த அய்யம்மாளக் காலையில வந்ததும் கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டேன். கையில நிதானமில்லாதவளுக்கு இங்க என்ன சோலின்னு நாலு ஆபீஸ் போர்மேனுக்கும் சொல்லிவிட்டுட்டேன்."

முனியராஜ் சொன்னது வேலை போன சங்கதி மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் திருடி என்று பெயர் எடுத்தாலும் இன்னொரு ஆபீஸில் வேலை கிடைத்துவிடும். கையில் நிதானமில்லாதவள் என்று பெயர் வந்துவிட்டால் கதை முடிந்தது. ஒருத்தி கை பிசகினால் அந்த ரூமே எரியும். அப்படிப்பட்டவளோடு யாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார மாட்டார்கள். சொந்தத் தங்கச்சிகூட உட்கார மாட்டாள்.

"ஏலே, ஒன்னைய யாருலே அனுப்பச் சொன்னது? மொதல்ல ஜீப்ப எடுத்துட்டுப் போயி அவளக் கூட்டியா. நீலாம்பரி லோடும் ஏத்த வேண்டாம். நிறுத்து."

முனியராஜ் விழித்தான். லோடு நின்ற சேதி ஒரு நாழிகையில் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. அவன் அதற்கு அர்த்தம் சொன்னது இப்படி: "அவ வச்ச திரி அம்புட்டையும் பிரிச்சுப் பாக்கணுமாம். ஒருத்தியால லோடே நின்னுபோச்சு." சீனிவாசகம் நல்லது செய்யப்போக, அது அவள் தலையில் இன்னொரு மூட்டையாக ஏறி உட்கார்ந்தது.

அய்யம்மாள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாய், "மொதலாளி, சம்மந்தி ஐயாவுக்குக் கண்ணுக்கு ஒன்னும் ஆகலைல்ல?" என்று கேட்டாள். பிறகு தன் கைகளை நீட்டிப் பார்த்துக்கொண்டே, "எங் கை இப்படிப் பண்ணும்னு நெனைக்கவே இல்ல. இனிமே ஒழுங்கா வைக்கேன்" என்றாள்.

ரூம் வாசலில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கேட்கும்படி சீனிவாசகம் சொன்னார்: "அய்யம்மா, ஒங் கையில தப்பு இல்ல. திரிய உள்ள மடிச்சு வைக்கச் சொன்னது நானு. நுனிக்குக் கருநீலம் அடிக்கச் சொன்னது நானு. இருட்டுல அது யாரு கண்ணுக்கும் தெரியாது. தப்பு என்னுது."

சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் முதுகில் இருந்த பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தார். அய்யம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு மொதலாளி. எந் தப்பத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீக. நீங்களும் ஒங்க புள்ளைகளும் நல்லாருக்கணும்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி சொன்னார், இல்லை, நிசமாகவே என் தப்புதான் என்றார். சொல்லச் சொல்ல அவர் உயர்ந்துகொண்டே போனார். அன்று மத்தியானம் பெத்தணனுக்குப் போன் போட்டு அவரிடமும் சொன்னார். "முனியராஜு சொன்னான் சம்மந்தி. வேலைக்காரி தப்பத் தன்மேல போட்டுக்கிற மனசு யாருக்கு வரும்? எம் மருமக நல்ல எடத்துப் புள்ளதான்" என்றார் பெத்தணன்.

அந்த வார்த்தை ஒரு நொடி இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். இதோடு விட்டுவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு, அய்யம்மாளுக்கும் வேலை திரும்பக் கிடைத்தாயிற்று, இனி என்ன? பேச்சியம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரொம்பத் தோதாப் போச்சு ஒங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மனுசன் ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தார்.

அடுத்த நாள் ஆபீஸைச் சுற்றி வரும்போது, அய்யம்மாள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் ரூமுக்குள் போகவில்லை என்று முனியராஜைக் கேட்டார்.

"பொம்பளைக மாட்டேங்காளுக மொதலாளி. நீங்க மன்னிச்சது ஒங்க தங்கமான மனசு. ஆனா உசுரு அவளுக உசுருல்ல? கை நிதானமில்லாதவ பக்கத்துல எப்படி ஒக்காருவாளுக?"

அவளோடு பத்து வருசமாய் ஒரே தூக்குவாளியில் சோறு பங்கிட்டுத் தின்றவர்கள் ரூம் கதவருகே நின்று தரையைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? அவர் சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள். கல்யாண ரோட்டில் அவர் சொன்ன பொய்யை ஒரே தடவையில் நம்பினார்கள். உண்மையை எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை.

சீனிவாசகம் ஒரு நீலாம்பரியை எடுத்துக்கொண்டு, அய்யம்மாளையும் முனியராஜையும் இன்னும் நாலைந்து பெண்களையும் கூப்பிட்டு, தாள் கட்டு வைக்கிற குடோனுக்குள் போனார். ஜன்னலையும் கதவையும் சாத்தச் சொன்னார். உள்ளே இருட்டு. பூச்சட்டியைத் தரையில் வைத்தார்.

"இப்ப திரி எங்க இருக்குன்னு பாரு அய்யம்மா. ஒன்னாலயே பாக்க முடியாது. அப்பத் தெரியும் யாரு தப்புன்னு."

அவள் உட்கார்ந்தாள். குனியவே இல்லை. கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நேரே போய் நுனியில் நின்றது.

"இந்தா இருக்கு மொதலாளி" என்றாள்.

இன்னொருத்தியைத் தொடச் சொன்னார். அவளும் தொட்டாள். தினமும் வைத்த விரல்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போகும். அய்யம்மாள் சொன்னாள்: "பாத்தீகளா, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த ஒன்னுதான் எங் கை பெசகிருச்சு. நீங்க எனக்காக இனிமே கஷ்டப்படாதீக மொதலாளி."

கதவைத் திறந்து எல்லாரும் வெளியே போனார்கள். இவர் அந்த இருட்டிலேயே தாள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தன்னை நல்லவன் என்று இப்படிச் சாதிக்கிறவளிடம் தான் கெட்டவன் என்று எப்படி நிரூபிப்பது? யோசித்து யோசித்துப் பார்த்ததில், வெளியே லோடுக்காகக் காத்துக் கிடக்கிற லாரி ஞாபகம் வந்தது.

செல்லச்சாமி காரியாபட்டிக்காரன். லாரி ஓட்டுகிறவன், பட்டாசை ஏற்றிப் போவானே தவிர, பூச்சட்டியைச் செய்கிற கையில்லை. சாயங்காலம் கேட்டைப் பூட்டி, பெண்கள் எல்லாரும் கம்பெனி வேனுக்காக ரோட்டோரம் நின்றபோது, சீனிவாசகம் வேனை நிறுத்தி வைக்கச் சொன்னார். பொழுது அடைந்துகொண்டிருந்தது. பொட்டலில் ஒரு நீலாம்பரியை வைத்தார். செல்லச்சாமி கையில் ஒரு ஊதுபத்தியைக் கொடுத்தார். பற்ற வைக்காத ஊதுபத்தி.

"தீபாவளிக்கு ஒம் வீட்டு வாசல்ல எப்படி வைப்பியோ அப்படி வையி. சும்மா பாவனைக்குத்தான்."

செல்லச்சாமி சிரித்துக்கொண்டே போனான். நின்றபடி கையை நீட்டினான். திரியைக் காணோம். குனிந்தான். லுங்கியை ஒதுக்கிக்கொண்டு குத்தவைத்தான். தலையைச் சாய்த்து, ஒரு பக்கம் பார்த்து, மறு பக்கம் பார்த்து, கடைசியில் முகத்தைப் பூச்சட்டி வாய்க்கு நேராகக் கொண்டுபோனான்.

"அண்ணே, மொகத்தத் தூக்குங்க" என்று கத்தினாள் அய்யம்மாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "திரி எங்கன இருக்குன்னே தெரியலையே தங்கச்சி. குனிஞ்சு பாக்காம எப்படி வைக்க?" என்றான்.

முனியராஜ் ஊதுபத்தியை வாங்கிக்கொண்டு போனான். தொடக் கூடாது, பார்த்து வை என்று சீனிவாசகம் சொன்னார். போர்மேனும் குனிந்தான். குனிந்தவன் பாதியிலேயே நிமிர்ந்து, முதலாளியைப் பார்த்துவிட்டு, ஊதுபத்தியைக் கீழே போட்டான். வேறொரு பெட்டியைப் பிரித்து அதிலிருந்து ஒன்றை வைத்தார்கள். அய்யம்மாள் திரி வைக்காத ரூமில் செய்தது. செல்லச்சாமி மறுபடி குத்தவைத்தான். மறுபடி அவன் முகம் கீழே போனது.

அய்யம்மாள் செல்லச்சாமியின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சீனிவாசகத்தின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை கை கும்பிடப் போகவில்லை.

"அப்ப நீங்க சொன்னது நிசந்தானா மொதலாளி?"

"நிசந்தான் தாயி. மொத நாள்லருந்து நான் சொல்லுறது அதத்தான்."

"மொத நாளு அங்கன வேற சொன்னீகளாமே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணக் கூட்டத்துல அம்புட்டுப் பேருக்கு முன்னால எம் பேர எதுக்குச் சொன்னீக? நான் அங்கன இல்லவே இல்லையே."

சீனிவாசகம் வாயைத் திறந்தார். பதறிப்போயிட்டேன் என்று சொல்லலாம். இருட்டில் தெரியவில்லை என்று சொல்லலாம். மன்னித்துக்கொள் என்று சொன்னால் அவள் மன்னித்தும் விடுவாள். எதுவும் அவருக்குக் கூடி வரவில்லை.

"வாய்க்கு வந்தது ஒம் பேருதான் தாயி" என்றார்.

அவள் தலையாட்டினாள். அது அவளுக்குப் புதிய சேதி இல்லை என்பது மாதிரி இருந்தது.

"எங் கையில என்னமோ வந்துருச்சுன்னு நானே நம்பிட்டேன். ஒல வைக்கக்கூடப் பயமாருந்துச்சு. எம் மகளத்தான் அடுப்பு பத்த வைக்கச் சொன்னேன்."

வேனுக்குள்ளிருந்து ஒருத்தி "அய்யம்மாக்கா, இங்கன வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி அவள் தூக்குவாளியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அய்யம்மாள் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். தினமும் சாயங்காலம் வேன் கிளம்பும்போது, வாரோம் மொதலாளி என்று எல்லாரும் சேர்ந்து ஒரு குரல் கொடுப்பார்கள். அன்று ஒருத்தியும் கொடுக்கவில்லை. முனியராஜும் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தான்.

சீனிவாசகம் பொட்டலில் நின்றார். அவர் கேட்டது நடந்துவிட்டது. அவர் சொன்னதை எல்லாரும் நம்பிவிட்டார்கள்.